திறக்க வேண்டியவர் யார்? டர்பன் வீடொன்றின் கிளவுட் பேக்கப்: ஒரு நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீடு. அதில் மூன்று தலைமுறை, மூன்று கணினிகள். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர். சிறு கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதித் தரும் அவர் மகள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பேத்தி. மூவருடைய கணினிகளுக்கும் என்க்ரிப்ஷன் (சாவி இல்லாமல் எவரும் படிக்க முடியாதபடி கோப்பைப் பூட்டுவது) உள்ள கிளவுட் பேக்கப் மென்பொருள் ஒன்றைத் தேர்ந்து அமைத்துத் தரும்படி என்னைக் கேட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், நடந்ததை எழுதுகிறேன். ஆசிரியரை ஐயா என்றும் மகளை அக்கா என்றும்தான் நான் கூப்பிடுவது, இங்கேயும் அப்படியே.

முதலில், எதைக் காக்கப் போகிறோம் என்று பார்த்தோம். இந்த வேலையில் பலரும் தாண்டிப் போகிற இடம் இதுதான்.

ஐயாவின் மேசைக் கணினியில் சுமார் 600 ஜிபி. பெரும்பகுதி ஒலிப்பதிவுகள். இங்கே ஆங்கிலத்தில் ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கிவிட்ட தெருக்கூத்தை விடிய விடிய ஆடியவர்களின் குரல்களை, பழைய கேசட்டுகளிலிருந்து எடுத்து வைத்திருக்கிறார். அடுத்தது ஸ்கேன்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து வந்த ‘ட்ரூரோ’ கப்பல் தொடங்கி 1911 வரை, நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 152,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண் தாங்கிய சான்றுகளையும் பழைய தமிழ்க் கையெழுத்துக் கடிதங்களையும், படித்துச் சொல்லுங்கள் என்று ஊர்க்காரர்கள் ஐயாவிடம் கொண்டுவருவார்கள். படித்துக் கொடுத்து, ஒரு நகலும் எடுத்து வைப்பார்.

அக்காவின் மடிக்கணினியில் 40 ஜிபிதான். ஆனால் அதில் இருப்பது பிறத்தியாருடையது: பாஸ்டல் என்ற கணக்கு மென்பொருளின் கோப்புகள், வரித் துறைக்கு அனுப்பிய படிவங்கள், வாடிக்கையாளர்களின் அடையாள எண் நகல்கள், சம்பளச் சீட்டுகள். பேத்தியின் மேக்புக்கில் பாடக் குறிப்பும் படங்களுமாக ஒரு 60 ஜிபி. மொத்தம் 700 ஜிபி.

இந்த வீட்டுக்குப் பேக்கப் என்பது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் குவாசுலு-நேட்டாலில் கொட்டிய மழையில் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சாட்ஸ்வொர்த்தின் சரிவுகளில் மண் இறங்கியது. இந்த வீட்டின் பின்சுவர் வழியாகக் கீழறைக்குள் சேறும் தண்ணீரும் வந்தன. கணினி போனது. அதே அலமாரியில் இருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கும் போனது. அந்த டிஸ்க்கைத்தான் பேக்கப் என்று நம்பியிருந்தார்கள். பென் டிரைவில் நகல் வாங்கிப் போயிருந்த இரண்டொருவரால் பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மீதிக் கேசட்டுகளும் அதே அறையில் நனைந்துவிட்டன. அந்தப் பதிவுகளில் பாடியவர்கள் இப்போது உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் ஒன்டிரைவில் போட்டு வந்தார்கள். ஒன்றுமில்லாததற்கு அது மேல்தான், ஆனால் அது பேக்கப் ஆகாது. ஒன்டிரைவ் செய்வது ஒத்திசைவு. ஒத்திசைவு என்பது இங்கே நடந்ததை அங்கேயும் நடத்திக் காட்டுவது. இங்கே ஒரு கோப்பை அழித்தால் அங்கேயும் குப்பைக் கூடைக்குப் போகும். தனிநபர் கணக்கில் 30 நாள் கழித்து அங்கிருந்தும் போய்விடும். பணம் பறிக்கும் ரான்சம்வேர் புகுந்து கோப்புகளைப் பூட்டினால் பூட்டிய கோப்புதான் மேலேறும். மேலும், ஒன்டிரைவோ கூகுள் டிரைவோ சேமிப்பில் என்க்ரிப்ட் செய்தாலும் சாவி அந்த நிறுவனங்களிடம் இருக்கிறது.

அக்காவுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட. இங்கே ‘போப்பியா’ என்று எல்லோரும் சொல்லும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013-இல் இயற்றப்பட்டு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு தகவலைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது. 22-ஆம் பிரிவு, கசிந்தால் சம்பந்தப்பட்டவருக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் தெரிவிக்கச் சொல்கிறது. நாட்டுக்கு வெளியே தகவலை அனுப்ப 72-ஆம் பிரிவு நிபந்தனை வைக்கிறது. வீட்டு மேசையில் கணக்கெழுதும் ஒருவரையும் இந்தச் சட்டம் பிடிக்கும். அக்காவின் கோப்புகளைப் பொறுத்தவரை, சாவி வேறு எவரிடமும் இருக்கக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

ஐயாவின் கேள்வி நேர் எதிர்த்திசையில் வந்தது.

“தம்பி, பூட்டுறது சரி. நான் போன பிறகு இதை யார் திறப்பாங்க?”

தேர்வை முடிவு செய்தது இந்தக் கேள்விதான். என்க்ரிப்ஷன் பற்றிப் பேசுகிறவர்கள் திருடனைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வீடுகளில் நான் பார்த்தவரை, திருடனுக்குத் தரவைப் பறிகொடுத்தவர்களைவிடக் கடவுச்சொல்லை மறந்தோ, தெரிந்த ஒரே ஆள் இறந்தோ இழந்தவர்கள் அதிகம். சாவி நிறுவனத்திடம் இல்லை என்றால், சாவி தொலைந்த அன்று நிறுவனத்தைக் கெஞ்சியும் பயனில்லை. ஆகவே மென்பொருளை எடைபோட எனக்கு ஒரே அளவுகோல்: அமைத்தவன் இல்லாதபோது, காலியான வேறொரு கணினியில், காகிதத்தில் எழுதியதை மட்டும் வைத்து, வீட்டில் வேறொருவர் கோப்புகளைத் திரும்ப எடுக்க முடிகிறதா?

எடுத்துப் பார்த்தவை

பேக்பிளேஸின் தனிநபர் பேக்கப் முதலில். நாங்கள் பார்த்தபோது ஒரு கணினிக்கு மாதம் 9 டாலர், அளவு வரம்பில்லை, நிறுவிவிட்டு மறந்துவிடலாம். பலருக்கு இதையே நான் சொல்வேன். தனிச் சாவி வைக்கும் வசதி உண்டு. ஆனால் இணையதளம் வழியாக மீட்கும்போது அந்தச் சாவியை அவர்கள் சர்வரில் கொடுத்தாக வேண்டும். கோப்பு அங்கேதான் திறக்கும். அக்காவின் வேலைக்கு அது ஒத்துவராது. கூடவே அது விண்டோஸ் கோப்புறை, நிரல் கோப்புறைகளைத் தவிர்த்துவிடும். அது ஏன் ஒரு தமிழ் வீட்டில் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஐடிரைவ்: ஒரே கணக்கில் பல கணினிகள், அதனால் செலவு குறையும். தனிச் சாவியைக் கணக்கு தொடங்கும்போதே தேர்ந்தால்தான் உண்டு. அவசரத்தில் ‘அடுத்து, அடுத்து’ என்று அழுத்திப் போகிறவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

ரெஸ்டிக், கோபியா, டூப்ளிகாட்டி மூன்றும் மூலநிரலை யாரும் பார்க்கக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். கணினியை விட்டு வெளியேறும் முன்பே என்க்ரிப்ட் செய்பவை, நமக்குப் பிடித்த சேமிப்பிடத்தை அமர்த்திக்கொள்ளலாம். ரெஸ்டிக் எனக்குப் பிடித்தது, ஆனால் கட்டளைவரி: எல்லாவற்றையும் கட்டளையாகத் தட்டியே செய்ய வேண்டும். ஐயாவை அதன் முன் உட்கார வைப்பது நியாயமில்லை. கோபியாவின் வரைகலைச் செயலி திறந்திருந்தால்தான் குறித்த நேரத்துப் பிரதிகள் எடுபடும். யாராவது மூடிவிட்டால் சத்தமில்லாமல் நின்றிருக்கும். டூப்ளிகாட்டி தன் கணக்கை வைத்துக்கொள்ளும் உள்ளூர்த் தரவுத்தளம் போய்விட்டால் அதைத் திரும்பக் கட்டியெழுப்ப நெடுநேரம் ஆகலாம். வெள்ளத்தில் கணினியையே இழந்தவர்களுக்கு அந்தத் தரவுத்தளம் நிச்சயம் போயிருக்கும்.

ஆர்க் 7: காசு கொடுத்து வாங்குவது, மூலநிரல் மூடியது. அது ஒரு குறைதான். ஆனால் தன் தரவு வடிவத்தை அந்நிறுவனம் வெளிப்படையாக ஆவணப்படுத்தியிருக்கிறது. விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். திறந்திருக்கும் பாஸ்டல் கோப்பையும் விண்டோஸின் நிழற்பிரதி வசதி வழியாகக் குலையாமல் எடுக்கும். சேமிப்பிடம் நம்முடையது.

வடிவம் ஆவணப்படுத்தப்பட்டிருப்பதை நான் பெரிதாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயனர் பக்கமே என்க்ரிப்ட் செய்த சுவிஸ் சேவை வுவாலா 2015-இல் மூடப்பட்டது. வீடுகளுக்கான கிராஷ்பிளானை 2017 ஆகஸ்டில் கைவிடுவதாக அறிவித்தார்கள். 2018 அக்டோபரில் நின்றது. ஆப்பிள் 2022 டிசம்பரில் கொண்டுவந்த முழு என்க்ரிப்ஷன் வசதியைப் பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரு நிறுவனம் மனம் மாறினாலும் மறைந்தாலும், நம் கையில் இருக்கும் சாவியால் நம் கோப்பு திறக்க வேண்டும்.

எழுத்துருவும் கோப்புப் பெயரும்

ஐயாவின் கோப்புறைகளில் யுனிகோடுக்கு முந்தைய ஆவணங்கள் ஏராளம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். எழுத்துருக் கோப்புகள் இருப்பது விண்டோஸ் கோப்புறைக்குள். அதைத் தவிர்க்கும் எந்த பேக்கப்பும் ஆவணத்தைக் காப்பாற்றிவிட்டு, படிக்கும் வழியை விட்டுவிடும். எல்லாப் பழைய எழுத்துருக்களையும் ஆவணங்களோடு ஒரு கோப்புறையில் நகலெடுத்து வைத்தோம். முக்கியமானவற்றை யுனிகோடுக்கு மாற்றும் வேலையைப் பேத்தி எடுத்துக்கொண்டாள்.

இரண்டாவது, நீளமான தமிழ்ப் பெயர்கள். ஊர், ஆண்டு, பாடியவர், கூத்தின் பெயர் எல்லாவற்றையும் கோப்புப் பெயரிலேயே எழுதுவது ஐயாவின் பழக்கம். நல்ல பழக்கம். ஆனால் யுனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட் எடுக்கும். ‘கூ’ என்றால் ‘க’வுக்கு மூன்று, ஊகாரக் குறிக்கு மூன்று. கிளவுடுக்குக் கோப்புகளை நகலெடுக்கும் ஆர்குளோன் என்ற கருவியின் என்க்ரிப்ஷன் அடுக்கு, கோப்புப் பெயரையும் என்க்ரிப்ட் செய்து அதையே பெயராக வைப்பதால், வழக்கமான அமைப்பில் மூலப் பெயர் சுமார் 143 பைட்டுக்குள் இருக்க வேண்டும். தமிழில் அது 47 குறி, அதாவது முப்பது எழுத்தைத் தாண்டுவதே கடினம். ஐயாவின் பெயர்கள் பல அதைவிட நீளம். ஆர்க், ரெஸ்டிக் வகையில் பெயர்கள் என்க்ரிப்ட் செய்த பொதிக்குள் போய்விடுவதால் இந்தச் சிக்கல் எழாது.

மேக், விண்டோஸ் இரண்டுக்கும் இடையே கோப்பு பரிமாறும் வீடுகளுக்கு இன்னொன்று: ‘கொ’ போன்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாகக் குறியிடலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு வேறு. ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் தெரிந்தால் அவசரப்பட்டு ஒன்றை அழிக்காதீர்கள்.

எங்கே வைப்பது

ஆர்க் மென்பொருளும், பேக்பிளேஸ் வாடகைக்குத் தரும் பி2 என்ற சேமிப்பிடமும் என்று முடிவாயிற்று. நாங்கள் எடுத்தபோது பி2 ஒரு டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர். வைத்திருப்பதைப் போல மூன்று மடங்கு வரை தரவிறக்கத்துக்குத் தனிக் கட்டணம் இருக்கவில்லை. 700 ஜிபிக்கு 4 டாலர் 20 சென்ட். டாலருக்கு 18 ராண்ட் என்று வைத்தால் மாதம் 76 ராண்ட் சுமார். மூன்று கணினிக்கும் தனித்தனியாகத் தனிநபர் பேக்கப் வாங்கியிருந்தால் 27 டாலர், அதாவது 486 ராண்ட். ஆர்க் உரிமத்துக்கு ஒரு கணினிக்கு சுமார் 50 டாலர் ஒருமுறை கொடுத்தாலும் ஓராண்டுக்குள் கணக்கு நேராகிவிடும்.

அமேசானின் தரவு மையம் 2020 முதல் கேப் டவுனிலேயே இருக்கிறது. உள்நாட்டில் வைத்தால் 72-ஆம் பிரிவின் கவலை இல்லை. விலை கணிசமாக அதிகம். பி2-வுக்கு ஆப்பிரிக்காவில் இடமில்லை. ஆம்ஸ்டர்டாம் வட்டாரத்தை எடுத்தோம். ஐரோப்பியத் தரவுச் சட்டம் போப்பியாவுக்கு ஈடானது, வெளியேறும் முன்பே கோப்பும் மூடப்படுகிறது. கணக்கு தொடங்கும்போதே வட்டாரத்தைத் தேர வேண்டும். பிறகு மாற்ற முடியாது.

அழிக்க முடியாத பூட்டு வசதியையும் போட்டோம். குறிப்பிட்ட காலம் வரை சேமித்ததை, சாவி வைத்திருப்பவர்கூட அழிக்க முடியாது. 2024 ஜூனில் இந்நாட்டின் தேசியச் சுகாதார ஆய்வகச் சேவையைத் தாக்கியவர்கள் பேக்கப் சர்வர்களில் இருந்ததையும் அழித்தார்கள். 2021 ஜூலையில் துறைமுகங்களை நடத்தும் அரசு நிறுவனமான டிரான்ஸ்நெட் தாக்கப்பட்டபோது டர்பன் துறைமுகமே முடங்கியது. அவ்வளவு பெரிய இடங்களைத் தேடி வருகிறவர்கள் சாட்ஸ்வொர்த் வீட்டைத் தேடி வரமாட்டார்கள் என்று அக்கா சொன்னார். தேடி வரத் தேவையில்லை. மின்னஞ்சலில் வரும் ஒரு போலி விலைச்சீட்டு போதும், கணக்கெழுதுகிறவர் தினமும் திறப்பதும் அதைத்தான்.

முதல் ஏற்றம் பொறுமையைச் சோதிக்கும். வீட்டு ஃபைபரில் பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ். 700 ஜிபி ஏற, ஒரு நொடி நிற்காமல் ஓடினாலும் ஆறரை நாள். மின்வெட்டு 2023-ஐப் போல இப்போது இல்லை. ஆனாலும் மழைக்கு மழை துணைமின் நிலையம் விழும். ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் மாட்டினோம். கணினி அணைந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். அக்காவின் 40 ஜிபியை முதலில் ஏற்றி, கூத்துப் பதிவுகளைக் கடைசியில் விட்டோம்.

கிளவுடை மட்டும் நம்ப வேண்டாம் என்பதற்குக் கடலடியிலும் காரணம் இருக்கிறது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நான்கு கடலடி இணையக் கேபிள்கள் ஒரே சமயத்தில் அறுந்தன. அதே ஆண்டு மே 12 அன்று டர்பனுக்கு வடக்கே ஈசி, சீக்காம் கேபிள்கள் அறுந்தன. அப்படியொரு வாரத்தில் 700 ஜிபியை ஆம்ஸ்டர்டாமிலிருந்து இறக்க நேர்ந்தால் திண்டாட்டம்தான்.

ஒத்திகை

மீட்புப் பரிசோதனையை நானும் ஐயாவும் செய்யவில்லை. பேத்தி செய்தாள். வேறொரு வீடு, புதிதாக விண்டோஸ் நிறுவிய இரவல் மடிக்கணினி, கையில் ஒரு காகிதம். என்னைத் தொலைபேசியில் கூப்பிடக்கூடாது என்பது நிபந்தனை.

ஆர்க்கை நிறுவினாள். காகிதத்தில் சேமிப்பிடத்தின் பெயர், அணுகல் சாவியின் இரண்டு பகுதிகள், என்க்ரிப்ஷன் கடவுச்சொல் இருந்தன. பாஸ்டல் கோப்பு திரும்பி வந்து திறந்தது. கூத்துப் பதிவு ஒன்று ஓடியது. தடங்கல் வந்தது இரண்டு இடத்தில். பி2 கணக்கின் பில்லைப் பார்க்க உள்நுழையப் போனாள். இரண்டாம் நிலைக் குறியீடு அக்காவின் கைபேசிக்குப் போயிற்று. வெள்ளத்தில் கைபேசியும் போயிருந்தால்? கோப்பை மீட்க அது தேவையில்லை. ஆனால் பணம் கட்டாமல் கணக்கு நின்றால் எல்லாம் நிற்கும். மீட்புக் குறியீடுகளையும் காகிதத்தில் சேர்த்தோம். அடுத்தது பாமினி ஆவணம்: காகிதத்தில் எழுத்துருக் கோப்புறை பற்றி ஒரு வரி இல்லாததால், அது சிதைந்துபோன கோப்பு என்று நினைத்துவிட்டாள். ஒரு வரி சேர்த்தோம்.

கடவுச்சொல்லுக்கு, பகடை உருட்டிச் சொல் தேரும் முறையைக் கையாண்டோம். 7,776 சொற்கள் கொண்ட பட்டியல். ஐந்து பகடைக்கு ஒரு சொல். ஆறு சொல் எடுத்தால் ஊகித்து உடைப்பது நடவாத காரியம். தமிழில் வைக்க ஐயாவுக்கு ஆசை. தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியில் தட்ட முடியாது, ஆங்கில எழுத்தில் எழுதினால் ‘ழ’வுக்கு ஆளுக்கொரு வழி. எனவே வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன், ஒப்புக்கொண்டார்.

காகிதம் மூன்று பிரதி. ஒன்று வீட்டில், மேல்மாடியில். ஒன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஐயாவின் மகன் வீட்டில். ஒன்று உயிலோடு வக்கீலிடம், உறையில் ஒட்டி.

கடைசி முடிவு ஐயாவின் கேள்விக்கானது. கூத்துப் பதிவுகளிலும் கப்பல் சான்றுகளிலும் ரகசியம் இல்லை. நூறாண்டு கழித்தும் யாராவது திறக்க வேண்டும் என்பதற்காகவே அவை சேர்க்கப்பட்டவை. அவற்றை மட்டும் எந்தப் பூட்டும் போடாமல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சாதாரணக் கோப்புகளாக நகலெடுத்து, மகன் வீட்டில் வைத்தோம். குடும்பத்தின் சொந்தக் கடிதங்கள் அதில் போகவில்லை. பிறர் கொண்டுவந்தவற்றில், அவர்கள் சம்மதித்தவை மட்டும் போயின. என்க்ரிப்ட் செய்யாத பிரதியா என்று முகம் சுளித்த நண்பர்கள் உண்டு. அக்காவின் கோப்பை ஒருவரும் பார்க்கக்கூடாது. ஐயாவின் கோப்பை யாரும் பார்க்காமல் போய்விடக்கூடாது. இரண்டுக்கும் ஒரே பூட்டைப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்போதைய நிலை: மூன்று கணினிகளும் இரவில் தாமாகவே ஏற்றுகின்றன. ஒரு நாள் விட்டுப்போனால் பேத்திக்கு மின்னஞ்சல் வரும். அக்காவின் பழைய பிரதிகள், வரித் துறைக்காக ஆவணங்களை வைத்திருக்க வேண்டிய ஐந்தாண்டைக் கணக்கிட்டுத் தங்குகின்றன. கைபேசிகள் இன்னும் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. வாட்ஸ்அப்பில் வரும் விலைச்சீட்டுகளை அக்கா கையால் மடிக்கணினிக்கு மாற்றுகிறார். டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸில் ஒரு வீட்டில் கணினிக்கு ஏறாத கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாக ஐயாவுக்குத் தகவல் வந்திருக்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் டிஸ்க்கைத் தீபாவளிக்கு மகன் வரும்போது கொண்டுவந்து புதுப்பிப்பது என்று வைத்திருக்கிறார்கள். அடுத்த மீட்பு ஒத்திகை அக்காவுடையது. ஜூலையில் வரித் தாக்கல் தொடங்குவதால், ஜூனிலேயே முடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.